பெயரை விடுங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள்: இருமல் மருந்து பற்றி வாசகர் கேள்விகள்

ஐப்பசி மழை பிடித்ததும் இருமல் பற்றிய கடிதங்கள் வரிசை கட்டிவிடும். இந்த முறை வந்தவற்றில், மருத்துவரைப் பார்க்காமல் நேரே கடையில் வாங்கிக் குடிக்கும் இருமல் சிரப்புகள் பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். கீழே வரும் அளவுகள், வேறு நோய் இல்லாத பெரியவர்களுக்கானவை. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எந்த இருமல் மருந்தையும் தொட வேண்டாம்.

கேள்வி: மருந்துக்கடையில் 'இருமலுக்கு ஒரு சிரப் கொடுங்க' என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பாட்டில் தருகிறார்கள். போன மாதம் தந்ததில் இருமல் அடங்கியது. இப்போது தந்ததைக் குடித்தால் கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது. எல்லாமே இருமல் மருந்துதானே?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: பெயர்தான் ஒன்று. 'இருமல் மருந்து' என்ற அந்தப் பெயரில் ஒன்றுக்கொன்று நேரெதிரான வேலை செய்யும் மருந்துகள் விற்கப்படுகின்றன. முன்பக்கத்தில் பெரிதாகப் போட்டிருக்கும் பெயரை மறந்துவிட்டு, பாட்டிலைத் திருப்புங்கள். 5 மி.லி.யில் என்னென்ன மருந்து எத்தனை மில்லிகிராம் என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பார்கள். நீங்கள் வாங்குவது என்ன என்பதை அந்த நாலைந்து வரிகள்தான் சொல்லும்.

அங்கே டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் என்று இருந்தால் அதுதான் இருமலை அடக்கும் மருந்து. மூளைத்தண்டில் இருமலைத் தூண்டும் இடத்தை மட்டுப்படுத்துவது அதன் வேலை. ஆம்ப்ராக்சால், புரோம்ஹெக்சின் என்று இருந்தால் அவை கெட்டிச் சளியை இளக்குபவை. குவைஃபெனிசின், அம்மோனியம் குளோரைடு ஆகியவை சளியில் நீரைக் கூட்டி வெளியே வரச் செய்வதற்காகச் சேர்க்கப்படுபவை. டெர்புடலின், சால்ப்யூடமால், லெவோசால்ப்யூடமால் மூன்றும் மூச்சுக்குழாயை விரிப்பவை, மூச்சிழுப்பு (வீசிங்) உள்ளவர்களுக்கானவை. குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின் ஒவ்வாமை மருந்துகள். மூக்கொழுகலை வற்றவைக்கும், தூக்கம் வரவைக்கும். ஃபீனைலெஃப்ரின் மூக்கடைப்புக்கு.

உங்களுக்கு இப்போது தந்த பாட்டிலில் பெரும்பாலும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து ஏதோ ஒன்று இருக்கும். நடுக்கமும் படபடப்பும் அதன் பக்க விளைவுகள். உங்களுக்கு இழுப்பு இல்லையென்றால் அந்த மருந்துக்கு உங்கள் உடம்பில் வேலையே இல்லை, நிறுத்திவிடுங்கள். இதய நோயோ தைராய்டு மிகையோ உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

ஒரே நிறுவனம் ஒரே பெயரில் டிஎக்ஸ், எல்எஸ், பிளஸ் என்று வால் சேர்த்து நாலைந்து சிரப்புகள் விற்கும். டிஎக்ஸ் என்றால் பெரும்பாலும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன், எல்எஸ் என்றால் பெரும்பாலும் லெவோசால்ப்யூடமால். இந்த எழுத்துகள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவானவை அல்ல. அவற்றை நம்பி வாங்காதீர்கள்.

எந்த இருமலுக்கு எது? தொண்டை அரிப்போடு, சளியே இல்லாமல், இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் வறட்டு இருமலுக்கு மட்டுமே அடக்கும் மருந்து. நெஞ்சில் கோழை கட்டி 'கல் கல்' என்று வரும் இருமலை அடக்கக் கூடாது. அந்த இருமல்தான் கோழையை வெளியே தள்ளுகிறது; அதை நிறுத்தினால் கோழை நுரையீரலில் தேங்கும். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, புகைபிடிப்பவர்களுக்கு வரும் காலை இருமல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும். சில சிரப்புகளில் சளியை வெளியேற்றும் மருந்தும் இருமலை அடக்கும் மருந்தும் ஒன்றாகவே இருக்கின்றன. வாய்க்காலில் தண்ணீரைத் திறந்துவிட்டு மடையை அடைப்பது போன்ற வேலை இது. அந்தக் கலவைகளை வாங்காதீர்கள் என்பதே எங்கள் கருத்து.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சாதாரண சளிக்காய்ச்சலோடு வரும் இருமலில், மருந்து கலந்த சிரப்புக்கும் மருந்தே இல்லாத இனிப்புச் சிரப்புக்கும் ஒப்பீட்டு ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. அடக்கும் மருந்து சிலருக்குச் சில மணி நேரம் நிம்மதி தரும், அவ்வளவே. இருமலின் காரணத்தை அது தொடுவதில்லை.

கேள்வி: 'ரெண்டு ஸ்பூன், மூணு வேளை' என்றார் கடைக்காரர். எந்த ஸ்பூன்? குடித்து பத்து நிமிடத்தில் அடங்காவிட்டால் இன்னொரு ஸ்பூன் எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: எந்த ஸ்பூனும் வேண்டாம். மருத்துவக் கணக்கில் ஒரு டீஸ்பூன் 5 மி.லி., ஒரு டேபிள் ஸ்பூன் 15 மி.லி. இரண்டுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம். நம் அடுக்களையில் இருக்கும் ஸ்பூன்களோ இந்த இரண்டிலும் அடங்காதவை. பாட்டிலை அண்ணாந்து வாயில் ஊற்றிக்கொள்வது இதைவிட மோசம். எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. வாய் பட்ட பாட்டிலில் கிருமியும் சேரும்.

பாட்டிலோடு வரும் அளவு மூடியைப் பயன்படுத்துங்கள். அதைக் கையில் பிடித்துச் சாய்த்துப் பார்க்காமல் மேசைமேல் வைத்து, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள். 5 மி.லி.க்கும் குறைவாக அளக்க வேண்டுமென்றால், கடையில் கிடைக்கும் ஊசியில்லாத 5 மி.லி. சிரிஞ்சுதான் சரி. குலுக்கிக் குடிக்கச் சொல்லியிருந்தால் நன்றாகக் குலுக்குங்கள். இல்லாவிட்டால் மேலே உள்ள பாதி நீர்த்தும் அடியில் உள்ள பாதி கெட்டியாகவும் போகும்.

அடுத்தது கணக்கு. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் பெரியவர்களுக்கு 4 மணி நேரத்துக்கு ஒரு முறை 10 முதல் 20 மி.கி., அல்லது 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒரு முறை 30 மி.கி. எப்படி எடுத்தாலும் 24 மணி நேரத்தில் 120 மி.கி.யைத் தாண்டக் கூடாது. ஆனால் இதை மி.லி.யாக மாற்றும்போதுதான் பலரும் வழுக்குகிறார்கள். ஒரு பாட்டிலில் 5 மி.லி.க்கு 10 மி.கி. இருக்கும், இன்னொன்றில் 15 மி.கி. இருக்கும். முதல் பாட்டிலில் 10 மி.லி. குடித்தால் 20 மி.கி.; அதை 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை என ஆறு தடவை குடித்தாலும் 120-க்குள் நிற்கும். இரண்டாவது பாட்டிலில் அதே 10 மி.லி. என்பது 30 மி.கி. அதையும் பழைய பழக்கத்தில் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை குடித்தால் 180 மி.கி. ஆகிவிடும். பிராண்டு மாறினால் கணக்கையும் புதிதாகப் போடுங்கள்.

பத்து நிமிடம் போதாது. குடித்து 15 முதல் 30 நிமிடம் கழித்துத்தான் மருந்து வேலை செய்யத் தொடங்கும். 5, 6 மணி நேரம் நீடிக்கும். இடையில் இன்னொரு தடவை ஊற்றிக்கொள்ளாதீர்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரட்டிப்பாக்கவும் வேண்டாம். அளவு மிஞ்சினால் தலைசுற்றல், வாந்தி, நடை தள்ளாடல், கண்மணி துடித்தல், குழப்பம், இல்லாததைக் காண்பது வரை போகும். போதைக்காக இதைக் கூடுதலாகக் குடிக்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள் என்பதால், வளரும் பிள்ளைகள் உள்ள வீட்டில் பாட்டில் சட்டென்று காலியானால் கவனியுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 3 வயது. எட்டு வயது மூத்தவனுக்கு வாங்கிய சிரப் பாதி மிச்சம் இருக்கிறது. அவனுக்குச் சொன்ன அளவில் பாதி கொடுக்கலாமா? கோல்ட்ரிஃப் சிரப் குடித்த குழந்தைகள் இறந்த செய்தியைப் படித்ததிலிருந்து எந்த சிரப்பைத் தொடவும் கை வரவில்லை.
– ஓர் அம்மா, ஈரோடு

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. உங்கள் தயக்கம் சரியானது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்வது நல்லது.

முதலாவது, மருந்து சுத்தமானதாகவே இருந்தாலும் இந்த வயதுக்கு அது பொருந்தாது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது, 5 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை என்று மத்திய சுகாதாரப் பணிகள் இயக்குநரகம் 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. குளோர்ஃபெனிரமினும் ஃபீனைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரிலேயே மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அலுவலகம் உத்தரவிட்டிருக்கிறது. சிறு குழந்தையின் மூச்சுக்குழாய் மிகவும் குறுகலானது. கொஞ்சம் சளி தேங்கினாலும் அடைக்கும். அதை வெளியேற்ற அந்தக் குழந்தைக்கு இருக்கும் ஒரே வழி இருமல்தான். தவிர, எட்டு வயதுப் பிள்ளைக்கான அளவில் பாதி என்பது மூன்று வயதுக்கான அளவு ஆகிவிடாது.

இரண்டாவது, கலப்படம். 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். அவர்கள் குடித்த கோல்ட்ரிஃப், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதன் எஸ்ஆர்-13 என்ற தொகுப்பைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுத் திரவம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு 0.1 சதவீதம். சிரப்பில் மருந்தைக் கரைக்க புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்ற திரவங்களைச் சேர்ப்பார்கள். மருந்துத் தரம் இல்லாத, தொழிற்சாலைகளுக்கான மலிவு திரவம் அந்த இடத்தில் வந்து, ஒவ்வொரு பீப்பாயையும் சோதிக்காமல் விட்டால், இந்த நஞ்சு உள்ளே நுழைந்துவிடும். நிறமில்லை, வாசனையில்லை, சுவை இனிப்பு. வீட்டில் கண்டுபிடிக்க வழியே கிடையாது. 1937-இல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும், 1986-இல் மும்பை மருத்துவமனையில் நோயாளிகளைக் கொன்றதும், 2022-இல் காம்பியாவில் குழந்தைகளைக் கொன்றதும் இதே நஞ்சுதான். தடுக்கும் வழி தெரிந்தும் மறுபடி மறுபடி நடக்க விட்டது மன்னிக்க முடியாதது.

ஒன்றைக் கவனியுங்கள். செய்திகளில் எல்லாம் 'இருமல் மருந்து' என்றே வந்த கோல்ட்ரிஃபில் இருந்தவை பாராசிட்டமால், குளோர்ஃபெனிரமின், ஃபீனைலெஃப்ரின். இருமலை அடக்கும் மருந்து அதில் கிடையவே கிடையாது.

எந்த சிரப் கொடுத்த பிறகும் குழந்தை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், வயிற்று வலியில் அழுதால், வழக்கத்துக்கு மாறாகத் துவண்டு தூங்கினால், ஆறு முதல் எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காமல் இருந்தால், பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். எந்த மருந்து வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். தயாரிப்பாளர் பெயர், தொகுப்பு எண், காலாவதித் தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொகுப்பு எண் தெரிந்தால்தான் அரசு எச்சரிக்கை வரும்போது உங்கள் வீட்டு பாட்டிலும் அதில் அடங்குமா என்று பார்க்க முடியும்.

அப்படியானால் என்னதான் கொடுப்பது? அடிக்கடி வெதுவெதுப்பாகக் குடிக்கக் கொடுங்கள். மூக்கு அடைத்திருந்தால் உப்புநீர்ச் சொட்டு மருந்து விடுங்கள்; மூக்குச் சளி தொண்டையில் இறங்குவதுதான் பல குழந்தைகளின் இரவு இருமலுக்குக் காரணம். உங்கள் மகளுக்குப் படுக்கும் முன் 2.5 மி.லி. தேன் கொடுக்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தடவக்கூட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் அந்தக் குடலில் முளைத்து உடலைத் தளரவைக்கும் நஞ்சை உண்டாக்கும்.

சட்டை தூக்கி மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். அழாமல் இருக்கும்போது முழுசாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஒன்று முதல் ஐந்து வயதில் நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் என்றால் நிமோனியா சந்தேகம். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், தண்ணீர்கூடக் குடிக்காவிட்டாலும், உதடு நீலம் பாரித்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று இருமத் தொடங்கினால், கடலையோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழாயில் போயிருக்கலாம். அதற்கு எந்த சிரப்பும் உதவாது.

கேள்வி: சளிக்கு ஒரு மாத்திரை, இருமலுக்கு சிரப், காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 650 என்று மூன்றும் சேர்த்துப் போடுகிறேன். சீக்கிரம் சரியாகுமா?
– அலுவலக ஊழியர், கோயம்புத்தூர்

பதில்: சீக்கிரம் சரியாகாது, கல்லீரலுக்குத்தான் ஆபத்து. கடையில் தரும் சளி மாத்திரைகள் பலவற்றில் ஏற்கெனவே பாராசிட்டமால் 500 மி.கி. இருக்கிறது. அதை நான்கு வேளை போட்டால் 2,000 மி.கி. கூடவே 650 மாத்திரை நான்கு என்றால் 2,600. மொத்தம் 4,600 மி.கி. ஒரு பெரியவருக்கு ஒரு நாளின் உச்ச வரம்பு 4,000. மது அருந்துபவர்களுக்கும் மெலிந்த உடம்புக்காரர்களுக்கும் அதுவே அதிகம். மாத்திரையில் உள்ள குளோர்ஃபெனிரமின் சிரப்பிலும் இருந்தால் தூக்கக் கலக்கமும் இரட்டிப்பாகும். அட்டையையும் பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே பெயர் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் ஒன்றை விட்டுவிடுங்கள். உயர் ரத்த அழுத்தம் இருந்தால் ஃபீனைலெஃப்ரின் உள்ளதை முதலில் விடுங்கள்.

கேள்வி: இரவில் லாரி ஓட்டுகிறேன். காலையில் ஒரு மூடி குடித்துவிட்டுத் தூங்கி எழுந்து, சாயங்காலம் வண்டி எடுக்கலாமா?
– ஓட்டுநர், நாமக்கல்

பதில்: குளோர்ஃபெனிரமின் கலந்த சிரப் என்றால் வேண்டாம். குடித்ததில் பாதி வெளியேறவே பெரியவர்களுக்கு ஏறத்தாழ ஒரு முழு நாள் ஆகும். தூங்கி எழுந்தபின் தெளிவாக இருப்பதாக உங்களுக்குத் தோன்றினாலும், பிரேக் மிதிக்கும் கால் சற்றே தாமதிக்கலாம். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் மட்டும் உள்ளதும் சிலருக்குத் தலைசுற்றல் தரும் என்பதால், முதல் வேளையை ஓய்வு நாளில் எடுத்துப் பாருங்கள். மதுவோடு எதுவுமே கூடாது.

கேள்வி: மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம் எடுத்து வருகிறேன். இதை மருந்துக்கடையில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சாதாரண இருமல் சிரப்தானே, சொல்லாமல் வாங்கலாமா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: உங்கள் கூச்சம் புரிகிறது. ஆனால் இதைச் சொல்லாமல் வாங்கக் கூடாது. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளையும் கூட்டுகிறது. உங்கள் மாத்திரையும் அதையே செய்கிறது. இரண்டும் சேர்ந்து அளவு மீறினால் வியர்வை, நடுக்கம், பதற்றம், தசை விறைப்பு, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரக்கூடும். ஃபுளுவாக்சிட்டின், பாராக்சிட்டின் என்ற மருந்துகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியை அவை முடக்கிவிடும். ஒரு மூடி குடித்தாலும் பல மூடி குடித்தது போல் உடம்பில் தேங்கும். செர்ட்ராலின், வென்லாஃபாக்சின், வலிக்குத் தரும் டிரமடால் ஆகியவற்றோடும் எச்சரிக்கை தேவை.

முழுத் தடை உள்ளவர்களும் இருக்கிறார்கள். பார்க்கின்சன் நோய்க்கு செலிஜிலின், ரசாஜிலின் எடுப்பவர்களும், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கும் வேறு சில தொற்றுகளுக்கும் லினிசோலிட் எடுப்பவர்களும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனைத் தொடவே கூடாது. செலிஜிலின், ரசாஜிலினை நிறுத்தினாலும் 14 நாள் கழிய வேண்டும்.

கடையில் நோயைச் சொல்ல வேண்டியதில்லை. மாத்திரை அட்டையைக் காட்டி, 'இதோடு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் சேருமா?' என்று கேட்டால் போதும். அல்லது உங்கள் மருத்துவருக்கு ஒரு போன் செய்யுங்கள். அதுவரை தேனும் தொண்டையில் அடக்கிக்கொள்ளும் சாதாரண மிட்டாயும் பாதுகாப்பானவை. இதற்காக எஸ்சிட்டலோபிராமை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: நாலு மாதமாக வறட்டு இருமல். மூன்று பாட்டில் குடித்தும் அடங்கவில்லை. சளி, காய்ச்சல் எதுவும் இல்லை. பிரஷருக்கு எனலாப்ரில் போடுகிறேன், வேறு மருந்து கிடையாது.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

பதில்: ஐயா, காரணம் உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே இருக்கலாம். எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று 'ப்ரில்' என முடியும் ரத்த அழுத்த மருந்துகள் சிலருக்குத் தொண்டை அரிப்போடு வறட்டு இருமலைத் தரும். மூச்சுக்குழாயில் பிராடிகைனின் என்ற பொருள் சிதையாமல் தேங்குவதால் வருவது இது. இருமல் சிரப்புக்கு அடங்காது. மருந்து தொடங்கிச் சில வாரங்களிலும் வரும், சில மாதம் கழித்தும் வரும். மருத்துவரிடம் சொன்னால் டெல்மிசார்டன், லோசார்டன் போன்ற 'சார்டன்' வகைக்கு மாற்றுவார். மாற்றிய பின் பெரும்பாலும் ஒன்று முதல் நான்கு வாரத்தில் இருமல் நிற்கும். நீங்களாக எனலாப்ரிலை நிறுத்தாதீர்கள். நாலு மாத இருமல் என்பதால் மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் கேட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோயாளி இருமல் சிரப் குடிக்கலாமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: பல சிரப்புகளில் 5 மி.லி.க்கு 2 முதல் 4 கிராம் சர்க்கரை இருக்கும். நாளுக்கு 30 மி.லி. குடித்தால் 12 முதல் 24 கிராம். சர்க்கரை சேர்க்காதது என்று லேபிளில் போட்டதைக் கேட்டு வாங்குங்கள். அதில் இனிப்புக்குச் சேர்க்கும் சார்பிட்டால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். இருமலுக்குத் தேன் எடுத்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, புராஸ்டேட் வீக்கம் உண்டு. இருமல் சிரப் குடித்த அன்று இரவு சிறுநீர் வராமல் தவித்துவிட்டார். தொடர்பு உண்டா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நிச்சயமாக இருக்க முடியும். குளோர்ஃபெனிரமினும் டைஃபென்ஹைட்ரமினும் சிறுநீர்ப்பை சுருங்குவதைத் தளர்த்தும். ஃபீனைலெஃப்ரின் சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும். புராஸ்டேட் ஏற்கெனவே பாதி அடைத்திருக்கும்போது இந்த இரண்டும் சேர்ந்தால் முழு அடைப்புத்தான். இதே மருந்துகள் சிலவகை கண் நீர் அழுத்த நோயில் அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும். வயதானவர்களுக்குக் குழப்பம், தடுமாறி விழுதல் என்று கொண்டுபோகும். இனி அப்பாவுக்கு இந்த மூன்று பெயர்களும் இல்லாததை மட்டும் வாங்குங்கள். மறுபடி சிறுநீர் முழுசாக நின்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குழாய் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: ஆடாதோடை, அதிமதுரம், கற்பூரம் எல்லாம் பக்க விளைவு இல்லாதவைதானே?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை மாதிரியாகக் கொண்டுதான் புரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது, அது உடம்பில் மாறி உண்டாகும் பொருள்தான் ஆம்ப்ராக்சால். நம் வேலியோரத்துச் செடி, உலகமெங்கும் விற்கும் இரண்டு சளி மருந்துகளுக்கு முன்னோடி என்பதில் நமக்குப் பெருமைதான். ஆனால் அது சளியை இளக்குவது, வறட்டு இருமலை அடக்குவது அல்ல. கருப்பையைச் சுருங்கவைக்கும் தன்மையும் உண்டு என்பதால் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். பக்க விளைவு இல்லாத மருந்து என்று ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் விளைவே இல்லாதது.

அதிமதுரத்துண்டை இரண்டொரு நாள் வாயில் அடக்கிக்கொள்வதில் தவறில்லை. வாரக்கணக்கில் தொடர்ந்தால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். பிரஷர் மாத்திரை போடுபவர்களுக்கு அதுவும் வேண்டாம். கற்பூரம் சேர்ந்த தைலத்தை 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தடவாதீர்கள். எந்த வயதிலும் மூக்குக்குள் வைக்காதீர்கள். கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பே வரும். கொதிக்கும் பாத்திரத்தின்மேல் குழந்தையைக் குனியவைத்து ஆவி பிடிப்பதில் கிடைக்கும் பலனைவிட வெந்நீர் கொட்டி வேகும் ஆபத்து பெரிது.

கேள்வி: கடையில் சீட்டு கேட்பதில்லை. சிவப்புக் கோடு போட்ட பாட்டிலையும் தருகிறார்களே?
– வாசகர், வேலூர்

பதில்: லேபிளில் நெடுக்குவாட்டில் சிவப்புக் கோடு இருந்தால் அது மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே உரியது, கடைக்காரர் தருகிறார் என்பதற்காக அது மாறிவிடாது. குறிப்பாகக் கோடீன் உள்ள சிரப். அது அபின் குடும்பத்து மருந்து. மருந்து விதிகளில் கூடுதல் கட்டுப்பாடுள்ள பட்டியலான அட்டவணை எச்1-இல் இருப்பதால், கடைக்காரர் நோயாளி பெயரையும் மருத்துவர் பெயரையும் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சிலருடைய கல்லீரல் கோடீனை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றும்; அவர்களுக்குச் சாதாரண அளவிலேயே மூச்சு மந்தமாகிவிடும். 12 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் கூடவே கூடாது.

கேள்வி: எத்தனை நாள் வரை சிரப் குடித்துப் பார்க்கலாம்?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: அடக்கும் மருந்தை ஒரு வாரத்துக்கு மேல் தானாகத் தொடர வேண்டாம். சளிக்காய்ச்சலுக்குப் பின் இருமல் சராசரியாக இரண்டரை வாரம் நீடிக்கும் என்பதால், ஏழாம் நாளும் இருமுகிறதே என்று பதற வேண்டியதில்லை. குறைந்துகொண்டே வருகிறதா என்று பாருங்கள். ஆனால் நம் நாட்டில் இரண்டு வாரம் தாண்டிய எந்த இருமலையும் காசநோய் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் சளிப் பரிசோதனை இலவசம். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. வாயைக் கொப்பளித்து, ஆழ மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளி வேண்டும். காலையில் எழுந்ததும் வருவது சிறந்தது.

சளியில் ரத்தம், மாலை நேரக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இதில் ஒன்று இருந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். நள்ளிரவிலும் விடியற்காலையிலும் மட்டும் வரும் இருமல் ஆஸ்துமாவாக இருக்கலாம். சாப்பிட்டுப் படுத்ததும் வருவது இரைப்பை அமிலம் மேலே ஏறுவதாக இருக்கலாம். இவற்றுக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன.

கேள்வி: மிச்சமான சிரப்பை அடுத்த மழைக்காலத்துக்கு வைத்திருக்கலாமா? வீட்டில் இரண்டு வயதுப் பேரன் இருக்கிறான், எல்லாவற்றையும் திறந்து பார்க்கிறான்.
– பாட்டி, புதுச்சேரி

பதில்: வைக்காதீர்கள் அம்மா. பாட்டிலில் போட்டிருக்கும் காலாவதித் தேதி திறக்காத பாட்டிலுக்கு. மூடியைத் திறந்த தேதியைப் பேனாவால் லேபிளில் எழுதுங்கள். திறந்தபின் எத்தனை நாள் என்று லேபிள் சொல்கிறதோ அதுதான் கணக்கு. சொல்லாவிட்டால் அந்த இருமல் தீர்ந்ததும் கொட்டிவிடுங்கள். கொட்டுவதிலும் கவனம் வேண்டும். காப்பித்தூள் சக்கையோ மண்ணோ கலந்து, உறையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். இனிப்பாக இருப்பதால் குழந்தையோ நாயோ நக்கிவிடக் கூடாது.

பேரன் எட்டாத உயரத்தில், பூட்டிய அலமாரியில் வையுங்கள். மருந்தை 'மிட்டாய்' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். ஒருவேளை குடித்துவிட்டால், தொண்டையில் விரல் விடுவது, உப்புத்தண்ணீர் கொடுப்பது எதுவும் செய்யாதீர்கள். மயங்கும் குழந்தைக்கு வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும். நன்றாகத்தானே இருக்கிறான் என்று காத்திருக்கவும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள். பாட்டிலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு மிச்சம் இருந்தது, எத்தனை மணிக்குக் குடித்தான் என்பதைச் சொல்லுங்கள். மருத்துவர் முதலில் பார்ப்பதும் பாட்டிலின் பின்பக்கத்தைத்தான்.